ரோமாபுரி வீழ்ந்தபோது: அச்சத்தின் காலத்தில் அகுஸ்தீனின் ஆயர்ப்பணி

ஒரு நாட்டின்மேல் பேரிடர் வந்து விழும்போது அந்நாட்டின் திருச்சபை இரண்டு வகையில் சோதிக்கப்படுகிறது. மற்றெல்லாரையும் போலத் திருச்சபையாரும் அஞ்சுகின்றனர்; அவர்களுடைய வீடுகளும் இடிகின்றன, அவர்களுடைய பிள்ளைகளும் மடிகின்றனர். அதே வேளையில் சுற்றியுள்ளோர் திருச்சபையை நோக்கி, நீங்கள் வணங்கும் கடவுள் எங்கே போனார் என்று கேட்கின்றனர். இக்கேள்விக்கு முன்னால் மிகவும் தனித்து நிற்பவர் குருவானவரே. போரோ, புயலோ, கலவரமோ, கொள்ளைநோயோ எதுவாயினும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறது. அன்று பிரசங்க பீடத்தில் ஏறி அவர் என்ன சொல்லுவார்? எதைச் சொல்லாது விடுவார்?

நம்முடைய மாணவர்கள் இக்கேள்வியை ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு வடிவில் எழுப்புகின்றனர். இதற்கு விரைந்து ஒரு விடை தருவதைவிட, இதே கேள்விக்கு முன்னால் இருபது ஆண்டுகள் நின்ற ஓர் ஆயரின் வரலாற்றை ஆராய்வது நலம் என்று கருதுகிறோம். அவர் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ என்னும் துறைமுக நகரின் பேராயராயிருந்த அகுஸ்தீன். கி.பி. 410-இல் ரோமாபுரி வீழ்ந்த செய்தியைக் கேட்டபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. 430-இல் அவர் மரித்தபோது அவருடைய சொந்த நகரமே முற்றுகையிடப்பட்டிருந்தது. பிறர் துயரத்துக்கு ஆறுதல் சொன்னவர் தம்முடைய துயரத்தில் அந்த ஆறுதலைச் சோதித்தறிந்தார் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பாகும்.

1. நேர்ந்தது என்ன?

408-ஆம் ஆண்டு முதல் கோத்தியர் தலைவனாகிய அலாரிக் ரோமாபுரியை மூன்று முறை நெருக்கினான். முதல் முற்றுகையை விலக்குவதற்காக நகரத்தார் 5,000 பவுண்டு பொன்னும், 30,000 பவுண்டு வெள்ளியும், பட்டாடைகளும், அவற்றோடு 3,000 பவுண்டு மிளகும் கொடுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் சோசிமஸ் குறிப்பிடுகிறார். நமது மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பலேறிப்போன மிளகும் அந்நகரத்தாரின் உயிருக்கு விலையாக அளந்து கொடுக்கப்பட்டது. பேரரசன் ஹொனோரியஸ் நகரத்தில் இல்லை. 402-ஆம் ஆண்டிலேயே அவன் சதுப்பு நிலங்களால் சூழப்பட்ட ராவென்னாவுக்குத் தன் அரசவையை மாற்றிக்கொண்டிருந்தான். உடன்படிக்கைப் பேச்சுகள் முறிந்தன. 410-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் சலாரியா வாயில் வழியாகக் கோத்தியர் உட்புகுந்து மூன்று நாள் நகரத்தைக் கொள்ளையிட்டனர். ஏறத்தாழ 800 ஆண்டுகளாக எந்தப் பகைவனும் அந்நகருக்குள் கால்வைத்ததில்லை.

அலாரிக்கும் கிறிஸ்தவனே, ஆயினும் ஆரியுவின் போதனையைப் பின்பற்றியவன். அப்போஸ்தலர்களாகிய பேதுரு, பவுல் ஆகியோரின் ஆலயங்களில் அடைக்கலம் புகுந்தோரைத் தொடலாகாது என்று அவன் கட்டளையிட்டதால் கிறிஸ்தவரும் கிறிஸ்தவரல்லாதாரும் அங்கே உயிர் தப்பினர். வெளியே இருந்தோர் நிலை வேறு. பலர் கொல்லப்பட்டனர்; பலர் சிறைபிடிக்கப்பட்டனர்; பெண்கள் கெடுக்கப்பட்டனர். மார்செல்லா என்னும் முதிய விதவை தம் செல்வத்தை எல்லாம் ஏற்கெனவே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அவரிடம் பொன் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிய வீரர் அவரை அடித்தனர். தமக்காக அவர் ஒன்றும் கேட்கவில்லை. தம்மோடிருந்த இளம்பெண் பிரின்சிப்பியாவைத் தம்மிடமிருந்து பிரிக்கவேண்டாம் என்று மட்டும் மன்றாடினார். இருவரும் பவுலின் ஆலயத்துக்குக் கொண்டுபோய் விடப்பட்டனர். சிறிது காலத்தில் மார்செல்லா இறந்தார். அந்த பிரின்சிப்பியாவுக்கு ஜெரோம் எழுதிய கடிதத்தால் இதனை அறிகிறோம்.

ஜெரோம் அப்பொழுது பெத்லகேமில் எசேக்கியேல் தீர்க்கதரிசனத்துக்கு விளக்கவுரை எழுதத் தொடங்கியிருந்தார். செய்தி வந்ததும் அவருக்கு எழுத ஓடவில்லை. ஒரே நகரத்தில் உலகம் முழுவதுமே அழிந்துவிட்டதென்று அவர் கதறினார். மகா பண்டிதரும் சொல்லிழந்து நின்றார் என்பதை நாம் மறக்கலாகாது. எருசலேமின் அழிவைக் கூறும் நூலுக்கு உரையெழுதியவரையே இன்னொரு நகரத்தின் அழிவு ஊமையாக்கிற்று.

2. அச்சத்தின் வேர்

அரசியல் நோக்கில் பார்த்தால் இவ்வீழ்ச்சியினால் பேரரசு உடனே மாண்டுவிடவில்லை. அரசவை ராவென்னாவில் இருந்தது. கிழக்கில் கொன்ஸ்தாந்தினோபிள் அசையாதிருந்தது. அப்படியிருக்க இத்துணை அச்சம் ஏன்? மக்களின் உள்ளத்தில் ரோமாபுரி வெறும் நகரமன்று, நித்திய நகரம். அது நிற்குமட்டும் உலகம் நிற்கும் என்பது புறமதத்தாரின் எண்ணம். கிறிஸ்தவரும் இந்த எண்ணத்தினின்று முற்றிலும் விடுபட்டிருக்கவில்லை. கொன்ஸ்தந்தீன் காலத்துக்குப் பின் யூசேபியஸ் போன்ற அறிஞர் பேரரசையும் கடவுளின் திட்டத்தையும் ஒன்றோடொன்று பிணைத்து எழுதினர். 380-இல் தெயோதோசியு மன்னனின் ஆணை கிறிஸ்தவத்தை அரசின் சமயமாக்கிற்று. 391-இல் புறமதப் பலிகள் தடைசெய்யப்பட்டன. கடவுளின் ஆட்சியும் ரோமின் ஆட்சியும் ஒரே பாதையில் செல்கின்றன என்று திருச்சபையார் நம்பலாயினர். அகுஸ்தீனும் சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாறே மகிழ்ந்து பேசியவர்தாம்.

எனவே நகரம் வீழ்ந்தபோது இரு பக்கத்தாரும் தடுமாறினர். பழைய தெய்வங்களை நாம் கைவிட்டோம், அவை நம்மைக் கைவிட்டன என்றனர் புறமதத்தார். கிறிஸ்தவரின் வினா இதைவிடக் கசப்பானது. பேதுருவின் உடலும் பவுலின் உடலும் லவுரேந்தியுவின் உடலும் அந்நகரத்திலே கிடக்கின்றனவே, பின் ஏன் ரோமாபுரி எரிந்தது என்று அவர்கள் கேட்டனர். எதன்மேல் நம்பிக்கை வைத்தோமோ அது அசையும்போதுதான் எதன்மேல் நம்பிக்கை வைத்திருந்தோம் என்பது வெளிப்படுகிறது. இங்கே வெளிப்பட்டது யாதெனில், கிறிஸ்துவின்மேல் வைத்ததாக எண்ணிய நம்பிக்கையில் ஒரு பங்கு நகரத்தின் மதில்களின்மேல் வைக்கப்பட்டிருந்தது என்பதே.

3. நின்றுபோன வழக்கம்

அகதிகள் கப்பல் கப்பலாக ஆப்பிரிக்கக் கரைக்கு வந்தனர். ஊரையும் உறவையும் இழந்துவந்த அவர்களுள் சிலர் கார்த்தேஜ் நகரின் நாடக அரங்குகளில் நாள்தோறும் போய் உட்கார்ந்தனர் என்று அகுஸ்தீன் வருந்தி எழுதுகிறார். அச்சம் மனிதரைச் சில வேளை செபத்துக்கும், சில வேளை மறதிக்கும் விரட்டுகிறது.

ஆனால் அவர் கண்ணில் பட்டு அவரை மிகவும் வருத்தியது வேறொன்று. 410-ஆம் ஆண்டில் ஊரைவிட்டு விலகியிருந்த காலத்தில் ஹிப்போவின் குருமாருக்கும் சபையாருக்கும் அவர் எழுதிய சிறு கடிதம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஏழைகளுக்கு ஆடை கொடுப்பது அச்சபையின் வழக்கம். அவ்வாண்டு அது நின்றுபோயிற்று என்று அவர் கேள்விப்பட்டார். ஆடிக்கொண்டிருக்கும் வீட்டிலிருந்து பொருள்களை விரைந்து வேறிடத்துக்கு மாற்றுவது போல, உலகம் ஆட்டங்காணும் இந்த நேரத்திலே உங்கள் செல்வத்தை விரைந்து பரலோகத்துக்கு மாற்றுங்கள் என்னும் கருத்தில் அவர் அவர்களுக்கு எழுதினார்.

இச்சிறு கடிதத்தை ஆயர்கள் ஆழ்ந்து நோக்கவேண்டும். பேரிடர் நேர்ந்த இடத்துக்கும் ஹிப்போவுக்கும் இடையே ஒரு கடலே கிடந்தது. ஹிப்போவில் ஒரு கூரைகூட எரியவில்லை. ஆயினும் அச்சம் கடலைக் கடந்து வந்து ஏழையின் ஆடையைப் பறித்துக்கொண்டது. அச்சத்தின் முதற்கனி அவநம்பிக்கை என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். அகுஸ்தீன் கண்டது கைச்சுருக்கம். விசுவாசப் பிரமாணத்தை அச்சபையார் தொடர்ந்து சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பர். ஆனால் பணப்பை மூடிக்கொண்டது. ஆகவே நம்பிக்கையை மீட்கும் பணியை அவர் தர்க்கத்தில் தொடங்காமல் ஆடையில் தொடங்கினார். நாளை என்ன ஆகுமோ என்று அஞ்சுகிறவன் இன்று கொடுக்கத் தொடங்கும்போது, நாளை கடவுளின் கையிலிருக்கிறது என்பதைத் தன் கையினாலேயே அறிக்கையிடுகிறான்.

4. பிரசங்க பீடத்தில்

410, 411-ஆம் ஆண்டுகளில் அகுஸ்தீன் ஆற்றிய பிரசங்கங்களுள் சில ரோமாபுரியின் வீழ்ச்சியை நேரடியாகப் பேசுகின்றன. அவற்றைக் கேட்டவர் எல்லாரும் மகிழவில்லை. ரோமாபுரியைப் பற்றி இவர் பேசாதிருந்தால் நலமாயிருக்குமே என்று சிலர் முணுமுணுத்தனர் என்பதை அவரே ஒரு பிரசங்கத்தில் வெளிப்படையாகச் சொல்லுகிறார். நான் அந்நகரத்தை இகழவில்லை, அதற்காக மன்றாடுகிறேன் என்பது அவருடைய மறுமொழி. வந்த செய்திகள் கொடியவை என்பதையும், அவற்றைக் கேட்டுத் தாம் கண்ணீர் விட்டதையும் அவர் மறைக்கவில்லை. கண்ணீர் விட்டபின்பே கருத்துரைத்தார். இந்த வரிசையை மாற்றிக்கொள்கிற பிரசங்கி கேட்போரின் காயத்தின்மேல் நடக்கிறான்.

அவர் உரைத்த கருத்துகளுள் மூன்றை இங்கே சுருக்கித் தருவோம்.

முதலாவது, நகரம் என்பது கற்களன்று, மக்களே. ஒருநாள் இடிந்து விழும் என்ற நிலையிலேதான் மனிதன் கட்டடத்தைக் கட்டினான். குடிகள் அழியாவிடில் நகரம் அழியவில்லை. அகதிகளாய் வந்திருப்போரை ஏற்று உண்பிக்கிறவர்கள் ரோமாபுரியைக் காப்பாற்றுகிறார்கள் என்பதே இதன் உட்பொருள்.

இரண்டாவது, அப்போஸ்தலரின் கல்லறைகள் ஏன் காக்கவில்லை என்று கேட்டோருக்கு 411 ஜூன் 29-இல், பேதுரு பவுல் திருநாளன்று, அவர் விடையளித்தார். பேதுருவே அந்நகரத்தில் சிலுவையில் மாண்டாரன்றோ! தம் உடலுக்கே இம்மைப் பாதுகாப்பைப் பெறாத ஒருவரிடம், மதில்களுக்குப் பாதுகாப்பை எதிர்பார்ப்பது எங்ஙனம்? கிறிஸ்து தம் சீடருக்கு வாக்களித்தது எது, வாக்களிக்காதது எது என்பதை அவர் பிரித்துக் காட்டினார். வாக்களிக்கப்படாததை எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள், வாக்களிக்கப்பட்டதையும் இழந்து போகின்றனர்.

மூன்றாவது, ஒரே நெருக்கடி எல்லாரையும் ஒரே வகையில் ஆக்குவதில்லை. செக்கில் அகப்பட்ட ஒலிவப் பழங்கள் ஒரே பாரத்தினால் நசுக்கப்படுகின்றன. எண்ணெய் ஒருபுறம் வடிகிறது, கசடு ஒருபுறம் ஒழுகுகிறது. இந்த உவமையைப் பயன்படுத்தி, துன்பம் ஏன் வந்தது என்னும் கேள்வியிலிருந்து துன்பத்திலே நாம் என்ன ஆகிறோம் என்னும் கேள்விக்குக் கேட்போரை அவர் அழைத்துச் சென்றார். முதற்கேள்விக்கு முழுவிடை தம்மிடம் இருப்பதாக அவர் உரிமை பாராட்டவில்லை. நல்லோரும் தீயோரும் ஒரே வாளால் மடிந்ததை அவர் ஒப்புக்கொண்டார், யோபுவை எடுத்துக்காட்டினார்.

அச்சத்தைக் குறித்து அவர் சில ஆண்டுகளுக்கு முன்னரே யோவானின் முதலாம் நிருபத்தை விளக்கும்போது கூறியிருந்ததும் இங்கே நினைக்கத்தக்கது. தையற்காரனின் ஊசி துணிக்குள் நுழையாவிட்டால் நூல் நுழையாது. ஆனால் ஊசி உள்ளேயே தங்கிவிட்டாலும் தையல் முடியாது. அச்சம் ஊசி, அன்பு நூல். அச்சமே தவறு என்று அவர் சொல்லவில்லை. அச்சம் வந்த வேலையை முடித்து வெளியேறவேண்டும்; அது விட்டுச் செல்லும் வழியில் அன்பு தங்கவேண்டும் என்றார்.

5. கடவுளின் நகரம்

அக்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்த அரசு அதிகாரியும் நல்ல கிறிஸ்தவருமான மார்செல்லீனஸ், புறமதக் கல்விமான்கள் எழுப்பும் குற்றச்சாட்டுகளுக்கு மறுமொழி எழுதுமாறு அகுஸ்தீனைக் கேட்டார். அதன் விளைவே 413-இல் தொடங்கி 426-ஐ ஒட்டி நிறைவுற்ற "கடவுளின் நகரம்" என்னும் 22 புத்தகங்கள் கொண்ட பெருநூல். தொடங்கிய ஆண்டிலேயே ஒரு துயரம் நேர்ந்தது. அரசியல் பழியொன்றில் சிக்கிய மார்செல்லீனஸ் 413 செப்டம்பரில் கார்த்தேஜில் கொல்லப்பட்டார். அவரைக் காப்பாற்ற அகுஸ்தீன் செய்த முயற்சிகள் பயன்படவில்லை. நூலைக் கேட்ட நண்பர், கிறிஸ்தவப் பேரரசின் கையாலேயே மடிந்தார். அதன்பின்னும் அவர் எழுதினார் என்பது அந்நூலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கனம் சேர்க்கிறது.

அந்நூலின் மையக்கருத்தை நாம் அறிவோம். இரு அன்புகள் இரு நகரங்களை உண்டாக்கின. இவ்விரண்டும் இம்மையில் கலந்தே இருக்கின்றன. எந்த அரசையும் கடவுளின் நகரம் என்று சொல்லிவிட முடியாது. எந்த அரசின் வீழ்ச்சியும் கடவுளின் தோல்வியாகாது. இதனால் விசுவாசி பூமியின் நகரத்தைப் பொருட்படுத்தாதவனாகிவிடுகிறானா? இல்லை. பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தை (எரே. 29) எடுத்துக்கொண்டு, வழிப்போக்கராகிய நாமும் நாம் தங்கியிருக்கும் நகரத்தின் சமாதானத்துக்காக மன்றாடவும் உழைக்கவும் கடமைப்பட்டுள்ளோம் என்று பத்தொன்பதாம் புத்தகத்தில் அவர் காட்டுகிறார். நிலையான நகரம் இங்கே நமக்கில்லை என்பதும் (எபி. 13:14), இங்குள்ள நகரத்தின் நலம் நம் பொறுப்பு என்பதும் ஒரே நம்பிக்கையின் இரு பக்கங்களாகும்.

முதற்புத்தகத்தில் காணும் ஆயர் உள்ளத்தையும் குறிப்பிடவேண்டும். கெடுக்கப்பட்ட பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்று ரோமரின் பழைய மான உணர்வு எதிர்பார்த்தது. அதற்கு லுக்ரேசியா என்னும் பெண்ணின் கதை போற்றப்பட்டது. அகுஸ்தீன் இதனை வன்மையாக மறுத்தார். உள்ளம் இசையாதபோது பிறன் செய்த வன்முறையால் ஒருத்தியின் கற்பு அழிவதில்லை. குற்றமற்றவள் தன்னைக் கொன்றுகொள்ள வேண்டுவதுமில்லை என்று எழுதினார். அடக்கம் பெறாத பிணங்களைக் குறித்தும், சிறைபிடிக்கப்பட்டோரைக் குறித்தும் அவர் ஆறுதல் கூறினார். உலக வரலாற்றைப் பேச வந்த பெருநூல், வாயிலிலேயே நின்று, அவமானத்தால் முகம் மறைத்திருந்த பெண்களிடம் பேசிவிட்டுத்தான் உள்ளே செல்கிறது.

6. அவருடைய குறைகள்

வரலாற்றை எழுதும்போது புகழ்ச்சி மட்டும் போதாது. அதே முதற்புத்தகத்தில், அப்பெண்களுட் சிலரிடம் மறைவான பெருமை இருந்திருக்கலாம், அதைத் தாழ்த்தவே கடவுள் இதனை அனுமதித்திருக்கலாம் என்றும் அவர் எழுதிவிட்டார். காயத்துக்கு மருந்திட்ட கை, காரணம் தேடும் ஆவலில் அக்காயத்தையே அழுத்திவிட்டது. கடவுளின் மறைந்த நோக்கத்தை விளக்க முனையும்போது எவ்வளவு பெரிய இறையியலாரும் யோபுவின் நண்பராகிவிடக்கூடும் என்பதற்கு இது சான்று.

மற்றொன்று, அகதிகளை ஆற்றிய அதே ஆண்டுகளில், பிரிந்துபோன தொனாத்தியரை அரசின் வலிமையால் அடக்குவதற்கு அவர் துணைநின்றார். 411 ஜூனில் கார்த்தேஜில் கூடிய மாநாட்டில் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக முடிந்தது. 412-இல் அவர்கள்மேல் கடுஞ்சட்டம் பாய்ந்தது. அரசையும் கடவுளின் நகரத்தையும் பிரித்தறியக் கற்பித்தவரே அரசின் கோலைத் திருச்சபைக்காகக் கேட்டார். நாடு அச்சத்தில் இருக்கும்போது சிறுபான்மையோர்மேல் விழும் அடியைத் திருச்சபை கண்டும் காணாதிருப்பது எளிது. அவ்வடியைத் தானே வரவேற்பதும் எளிது. அகுஸ்தீனிடம் கற்கும் நாம் இதையும் அவரிடமே கற்றுக்கொள்வோம்.

7. முற்றுகையிடப்பட்ட ஹிப்போ

429-இல் கெய்செரிக்கின் தலைமையில் வாண்டலர் கடலைக் கடந்து ஆப்பிரிக்காவில் இறங்கினர். ஊர்கள் எரிந்தன; ஆலயங்கள் வெறுமையாயின. அப்பொழுது தியாபா என்னும் ஊரின் பேராயர் ஹொனொராத்தஸ் அகுஸ்தீனிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு நகரத்தில் துன்பப்படுத்தினால் மறு நகரத்துக்கு ஓடிப்போகும்படி ஆண்டவரே சொன்னாரே (மத். 10:23), அப்படியாயின் குருமார் தப்பியோடலாமா?

இதற்கு அகுஸ்தீன் எழுதிய விடை, ஆயர்ப்பணி பற்றிய அவருடைய எழுத்துகளுள் தலைசிறந்த ஒன்று என்பது நம் கருத்து. அவர் வீரம் பேசவில்லை, வேறுபாடு காட்டினார். பகைவர் ஒருவரை மட்டும் தேடினால் அவர் தப்பிச் செல்லலாம். பவுல் தமஸ்குவில் கூடையில் இறக்கப்பட்டார், அத்தனாசியு ஓடி ஒளிந்தார். அவர்கள் சென்றபின் சபைக்குப் பணிசெய்யப் பிறர் இருந்தனர். சபையார் அனைவரும் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றுவிட்டால் குருவும் செல்லலாம். ஆனால் ஆபத்து எல்லாருக்கும் பொதுவாயிருக்க, போக வழியற்ற மக்கள் ஊரிலே தங்கியிருக்க, அவர்களுக்குப் பணிசெய்ய வேண்டியவர் அவர்களை விட்டுச் செல்லலாகாது. அத்தகைய நேரத்தில் மக்கள் ஆலயத்துக்கு ஓடிவருகின்றனர். ஒருவர் ஞானஸ்நானம் கேட்கிறார், ஒருவர் பாவமன்னிப்பின் ஆறுதலைத் தேடுகிறார். கொடுப்பார் ஒருவருமில்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்கிறார். குருமார் எல்லாரும் ஒருங்கே மடியாதபடி சிலர் செல்வது தேவையானால், யார் தங்குவது, யார் செல்வது என்பதைச் சீட்டுப்போட்டுத் தீர்மானிக்கலாம் என்றும் நடைமுறை வழியொன்றைக் கூறினார்.

430-இல் வாண்டலர் ஹிப்போவை வளைத்துக்கொண்டனர். அகதிகளாக வந்த பேராயர் பலர் நகரத்துக்குள் இருந்தனர். அவர் வரலாற்றை எழுதிய பொசீதியஸ் அவர்களுள் ஒருவர். நகரத்தை விடுவிக்கவேண்டும், அது உமது சித்தமன்றாயின் அதைத் தாங்க அடியார்க்குப் பலம் தரவேண்டும், இல்லையேல் என்னை எடுத்துக்கொள்ளவேண்டும் என்னும் கருத்தில் அகுஸ்தீன் மன்றாடினார் என்று அவர் கூறுகிறார். முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் அவர் காய்ச்சலில் வீழ்ந்தார். தாவீதின் மனந்திரும்புதலின் சங்கீதங்களை எழுதுவித்துப் படுக்கைக்கு எதிரே சுவரில் பதிக்கச் செய்து, அவற்றை வாசித்து அழுதார். 430 ஆகஸ்டு 28-ஆம் நாள், எழுபத்தைந்தாம் வயதில், இறந்தார். மரணசாசனம் எழுதவில்லை, எழுதுவதற்குச் சொத்து ஒன்றுமில்லை. பின்னர் நகரம் கைவிடப்பட்டு எரிந்தது. அவருடைய நூல்கள் மட்டும் எஞ்சின.

முடிவுரை

சில நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்கத் திருச்சபையே ஏறக்குறைய மறைந்துபோயிற்று. ஆகவே, கடவுளை நம்பினால் நம் நகரம் காக்கப்படும், நம் நிறுவனங்கள் நிலைக்கும் என்று இவ்வரலாற்றிலிருந்து பிரசங்கிக்க முடியாது. அகுஸ்தீனின் நம்பிக்கை அவ்வாறான வாக்குறுதியின்மேல் கட்டப்படவில்லை. சிலுவையில் அறையப்பட்டு உயிர்த்தெழுந்தவருடைய நகரத்தின் குடிகளாகிய நாம், இடிந்துகொண்டிருக்கும் நகரத்திலும் அன்பின் கடமைகளைச் செய்யும் விடுதலை பெற்றிருக்கிறோம் என்பதே அந்நம்பிக்கை.

எனவே, பேரிடருக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமையை எண்ணி அஞ்சும் இளம் குருவானவருக்கு நாம் சொல்லக்கூடியது இது. காரணங்களை விளக்க அவசரப்படவேண்டாம். அதில் அகுஸ்தீனே இடறினார். சபையாரோடு அழத் தயங்கவேண்டாம். கிறிஸ்து வாக்களிக்காததை அவர் பெயரால் வாக்களிக்கவேண்டாம். வாக்களித்ததைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம். சபையில் எந்தத் தருமம் நின்றுபோயிற்று என்று பார்த்து, அதை முதலில் மீண்டும் தொடங்கவேண்டும். மேலும், மக்கள் ஆலயத்துக்கு ஓடிவரும்போது கதவு திறந்திருக்கவேண்டும். உள்ளே குருவானவர் இருக்கவேண்டும். அவருக்கும் அச்சம் இருக்கலாம். இருந்தும் அவர் அங்கே இருப்பதைக் காணும் மக்கள், தாங்கள் கைவிடப்படவில்லை என்று அறிந்துகொள்வர்.